குடிசைக்குக் கோட்டு தைத்த சுப்ராயன்

மரக்காணத்துக்காரர்களிடம் வெயிலைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். எந்த நேரத்து வெயில் உப்பைப் பூக்க வைக்கும், எந்த நேரத்து வெயில் ஆளைச் சாய்க்கும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை பீடி இழுக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். குளிரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டி விடுவார்கள். அந்தத் தெருக்களில் ஸ்வெட்டர் என்ற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த கலியபெருமாளுடையது அது. பட்டாளத்து மச்சினன் லீவில் வந்தபோது மறந்துவிட்டுப் போனது. பச்சை நிறம். ஐந்து பொத்தானில் இரண்டு மிச்சம். மார்கழி பிறந்தால் மாட்டுவார், மாசி மகத்துக்குக் கழற்றுவார், நடுவில் தண்ணீர் காட்ட மாட்டார். கடை திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. மூக்குக்கே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்ட ஊரில், எமர்ஜென்சி வந்த வருஷத்து மார்கழியில், ஒரே ஒரு மனிதன் குளிருக்கு முன்னேற்பாடு செய்தான். அவன் சுப்ராயன். உப்பளத்தில் பாத்தி மிதிப்பவன். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் சேற்றுத் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்துச் சிமெண்டுத் தரைபோல இறுக்க வேண்டும். அப்போதுதான் தையில் உப்புத் தண்ணீர் கட்டலாம். இருபது வருஷமாக மிதித்ததில் அவன் பாதம் ஆமை ஓடாகியிருந்தது. செருப்புக் கடைக்காரன் பார்த்தால் அழுதுவிடுவான். உள்ளங்கையும் அதே ஜாதிதான். அடுப்பில் கொதிக்கும் சட்டியைத் துணி பிடிக்காமல் இறக்குவான். சூடா, ஆறியதா என்று பார்க்கக் கன்னத்தைத்தான் கொண்டு போவான். கன்னம் ஒன்றுதான் அவனிடம் மரத்துப் போகாமல் மிச்சமிருந்த இடம்.

அவனுக்கா குளிரும்? அவன் பயந்தது மகளுக்காக.

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம் குழந்தையில்லை. சுப்ராயனும் பாஞ்சாலையும் வேண்டிக்கொள்ளாத சாமி வானூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் எதுவும் பாக்கியில்லை. எந்தச் சாமி மனமிரங்கியது என்று தெரியாததால் எல்லாச் சாமிக்கும் கடன்பட்டுக் கிடந்தார்கள். ஒன்பது வருஷம் காக்க வைத்தவளுக்குக் கடைசி ஒரு மாசம் பொறுக்கவில்லை. மார்கழி பத்தாம் தேதி, எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டாள்.

பிரசவம் பார்த்த செல்லம்மாள் குழந்தையை ஒரு கையிலேயே ஏந்திக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். ஒரு படி உப்புக் கனம்கூட இல்லை. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அழுகை என்று ஏதோ வந்தது. பூனைக்குட்டி கேட்டால் சிரித்திருக்கும்.

“டேய் சுப்ராயா, கேட்டுக்க. இது இன்னும் வேகாத பண்டம்டா. உள்ள இருக்க வேண்டிய சூடு இனிமே வெளிய இருக்கணும். ஒடம்பு ஜில்லுனு ஆச்சுன்னா போச்சு, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. பனி முடியிற வரைக்கும் நீ அதைப் பாத்துக்க. அப்புறம் அது உன்னைப் பாத்துக்கும்.”

“பனி எப்பக்கா முடியும்?”

“மாசி மகம்னு வெச்சுக்கயேன்.”

சுப்ராயன் விரல் விட்டு எண்ணினான். கை விரல் தீர்ந்து, கால் விரலும் தீர்ந்து, மறுபடி கைக்கு வந்தபோது விட்டுவிட்டான்.

முதல் பத்து நாளும் உப்புதான் காப்பாற்றியது. அடி கனத்த சட்டியில் கல் உப்பைப் போட்டுப் படபடவென்று பொரியும் வரை வறுப்பான். பாஞ்சாலையின் பழைய சேலைத் துண்டில் முடிந்து கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். பதமாக இருந்தால் குழந்தையின் காலடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஆறினால் மறுபடி வறுக்க வேண்டியது. “கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நாள் சோறு ஆக்கிப் போட்டதில்ல. மகளுக்கு உப்பு வறுக்கறதப் பாரு” என்று படுத்தபடியே சிரிப்பாள் பாஞ்சாலை. அவளுக்குப் பிரசவத்திலிருந்தே காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. எழுந்து நடமாடத் தெம்பில்லை.

“உப்பு நம்மள ஏமாத்தாது புள்ள” என்பான் சுப்ராயன்.

மார்கழி இருபதாம் தேதி வாக்கில் டீக்கடை ரேடியோவில் செய்தி வாசித்தவர், வடக்கே அடிக்கும் குளிர் தமிழ்நாட்டுப் பக்கமும் இறங்குகிறது, வரும் நாட்களில் இரவில் வழக்கத்தைவிட அதிகமாகக் குளிரும் என்றார். பாத்தி மிதிக்கப் போகுமுன் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் முதலில் அவரை நம்பவில்லை.

“அண்ணே, உன் ஸ்வெட்டருக்கு நல்ல காலம் பொறந்துட்டுது” என்றான் முருகையன். சுப்ராயனோடு ஒரே பாத்தியில் மிதிப்பவன். அவனுக்கு வாய் வலித்து யாரும் பார்த்ததில்லை.

“ஐஸ் கட்டி வுழுமாடா?” என்றார் கலியபெருமாள்.

“வுழட்டுமே. ஒரு பக்கம் உப்பு வாரு, ஒரு பக்கம் ஐஸ் வாரு. மொதலாளிக்கு இன்னா, ரெண்டும் வெள்ளைதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுப்ராயன் மட்டும் கிளாஸைக் கீழே வைத்தான். “எத்தினி நாளைக்குன்னு சொன்னான்?”

“ஏம்பா, ரேடியோல பேசுறவன் உன் மாமனா, உனக்குத் தனியா சொல்லிட்டுப் போறதுக்கு?”

“இல்ல மச்சான். எத்தினி நாளைக்கு?”

முருகையன் சிரிப்பை விட்டுத் தன் கிளாஸையும் கீழே வைத்தான்.

சுப்ராயனின் குடிசைக்கு மண்சுவர் இடுப்பளவு. அதற்கு மேல் பனையோலை. வெயில் காலத்துக்காகக் கட்டிய வீடு. காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகலாம் என்று யோசித்து யோசித்து ஓட்டை விட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஓட்டையெல்லாம் அவனை வெறித்துப் பார்த்தன.

அளத்து மேஸ்திரி சிவப்பிரகாசத்திடம் போய் நின்றான்.

“கிழிஞ்ச கோணி இருந்தா கொடுங்க மேஸ்திரி.”

“இன்னாத்துக்கு?”

“குளிருக்குங்க.”

மேஸ்திரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “குளிரா? உனக்கா? தண்ணியில நின்னா தண்ணிதான்டா உன் காலப் பாத்து நடுங்கும்.”

“கொழந்தைக்குங்க.”

மேஸ்திரி கொட்டகை மூலையைக் காட்டினார். பல வருஷம் உப்பு அள்ளி நைந்து, மூட்டை கட்ட லாயக்கில்லாமல் கிடந்த பதினெட்டுக் கோணிகள். சுப்ராயன் புதையல் எடுத்தவன்போலத் தலையில் சுமந்து வந்தான்.

கோணியெல்லாம் சேறும் எலிப் புழுக்கையும் உப்புத் தூளுமாக இருந்தன. “மாமா, நல்ல தண்ணியில ஒரு அலசு அலசிடேன், கொழந்த மேல போடறது” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் பாஞ்சாலை.

அந்தப் பக்கத்துக்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். ஒவ்வொரு குடத்துக்கும் வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் சண்டை. அங்கே உப்புக் கோணியைக் கொண்டு போய் வைப்பவனின் மண்டையைப் பெண்கள் அதே குடத்தால் பிளந்துவிடுவார்கள். கோணியை அலசுவது வாய்க்காலில். பாத்திக்கு உப்புத் தண்ணீர் வரும் அதே வாய்க்காலில். அப்பன் அலசினான், பாட்டன் அலசினான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

“குடிக்கிற தண்ணியில கோணி அலசுனான்னு என்னைக் கழுதை மேல ஏத்திடுவாளுங்க” என்றான்.

“கழுத பாவம்” என்றாள் பாஞ்சாலை.

அந்தச் சிரிப்போடுதான் வாய்க்காலுக்குப் போனான். மேற்கே ஒன்றரை மைல் நடந்திருந்தால் ஏரி. அந்த வருஷம் ஏரி நிரம்பிக் கிடந்தது. கோணியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு நடை போய் வந்திருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். தோன்றவில்லை. தோன்றியிருந்தால் சந்தோஷமாகவே போயிருப்பான். நடையா அவனுக்குப் பெரிது?

வாய்க்காலில் துவைத்து, வரப்பில் விரித்துப் போட்டான். இரண்டு நாள் வெயிலில் கோணிகள் அப்பளம்போல மொறுமொறுத்தன. கோணி ஊசியும் சணலும் வாங்கி உட்கார்ந்தான். பதின்மூன்று கோணி சுவருக்கு. ஓலைக்கு உள்பக்கமாக, ஓட்டை தெரியாமல் கூரை வரைக்கும் தைத்தான். ஒன்று வாசலுக்குப் படுதா. மீதி நான்கையும் ரெட்டையாகச் சேர்த்துத் தாயும் குழந்தையும் போர்த்திக்கொள்ள ஒரு மெத்தைபோல. உட்பக்கம் குழந்தைக்குக் குத்தாதபடி தன் ஒரே நல்ல வேட்டியைக் கிழித்து வைத்துத் தைத்தான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கேலி செய்தார்கள். மீதிப்பேர் உள்ளே எட்டிப் பார்த்து, “கதகதன்னுதான்டா இருக்குது” என்று கொஞ்சம் பொறாமையோடு போனார்கள். மறுநாள் காலை வாசல் படுதாவில் அடுப்புக் கரியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘சுப்ராயன் டூரிங் டாக்கீஸ். தரை டிக்கெட் மட்டும்.’ முருகையனின் கையெழுத்து. இரண்டாவது வகுப்போடு நின்ற சுப்ராயன் எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கச் சிறிது நேரம் பிடித்தது. படித்தபின் வாய்விட்டுச் சிரித்தான். அழிக்கவில்லை.

“வூட்டுக்கே கோட்டு தெச்சுப் போட்டுட்டியே மச்சான்” என்றான் முருகையன் பாத்தியில். “டை எப்போ?”

“உன் நாக்க அறுத்துக் கட்டிடலாம்னு பாக்கறேன்.”

குளிர் வந்தது. ரேடியோ பொய் சொல்லவில்லை. வடக்கேயிருந்து வாடை கத்திபோல அடித்தது. நாய்கள் சாம்பல் குழிக்குச் சண்டை போட்டன. மீன் பிடிக்கப் போனவர்கள் பல் கிட்டித்துத் திரும்பினார்கள். சுப்ராயனின் குடிசைக்குள் மட்டும் காற்று நுழையவில்லை. வாடை வறண்ட காற்று. கோணிகள் தடதடவென்று அடித்துக்கொண்டனவே ஒழிய ஈரம் காட்டவில்லை. நான்கு இரவு அப்படிப் போயிற்று. நான்கு இரவும் சுப்ராயன் கண்மூடாமல் உட்கார்ந்து உப்பு வறுத்தான். நான்காம் நாள் வந்து பார்த்த செல்லம்மாள் குழந்தையின் தாடையை விரலால் தொட்டாள்.

“பரவால்லடா. கன்னம் வெச்சிருக்குது. பேரு யோசிச்சியா?”

“மாசி மகத்துக்கு வெக்கலாம்னு.”

“வெய்யி. எனக்கு ஒரு ரவிக்கைத் துணி.”

ஐந்தாம் நாள் சாயங்காலம் வாடை நின்றுவிட்டது. விடிந்தால் போகி. ஓலை ஒன்றுகூட அசையவில்லை. உப்பங்கழியின் மேல் வெள்ளையாக ஏதோ எழும்பி மெல்ல ஊரை நோக்கி ஊர்ந்தது. காற்று நின்றால் குளிரும் பாதி போனதாக நினைத்தான் சுப்ராயன். கண் இரண்டும் மிளகாய் தேய்த்ததுபோல எரிந்தன.

“இன்னிக்கு ஒரு ராத்திரி தூங்கு மாமா. காத்துதான் இல்லியே. கோணி இருக்குது” என்றாள் பாஞ்சாலை.

கோணி இருந்தது. தூங்கினான்.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து விழித்தான். வெளியே போகித் தப்பட்டைச் சத்தம். மழையோ என்று நினைத்தான். இன்னொரு சொட்டு உதட்டில் விழுந்தது. கரித்தது.

உப்பளத்துக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பனி இறங்கினால் உப்பு நீர் விடும். அளத்தில் குவித்த உப்பை ஓலை போட்டு மூடுவது அதனால்தான். மார்கழியில் சமையல் உப்பு ஜாடிக்குள்ளேயே கசிவதும் அதனால்தான். இதெல்லாம் சுப்ராயனுக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும். ஆனால் கோணியைக் கோணி என்றுதான் நினைத்தான், உப்பு என்று நினைக்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் வெயிலில் போனபோது தன் உப்பையெல்லாம் இழை இழையாகக் கோணிக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தது. காற்று நின்று மூடுபனி இறங்கிய ஒரே இரவில் அந்தப் பதினெட்டுக் கோணியும் ஊரிலுள்ள ஈரத்தையெல்லாம் கூப்பிட்டுக் குடித்திருந்தன. ஓலையைச் சும்மா விட்டிருந்தால்கூட வீடு இத்தனை நனைந்திருக்காது.

போர்வையைத் தூக்கினான். தண்ணீரில் ஊறிய பிணம்போலக் கனத்தது. அடியில் வேட்டித் துணி சொதசொதவென்றிருந்தது. காய்ச்சல் மயக்கத்தில் பாஞ்சாலைக்கு எதுவும் தெரியவில்லை; அவள் உடம்பு அனலாக அடித்தது. அவள் கைக்குள் கிடந்த குழந்தையின் பாதத்தில் சுப்ராயன் கையை வைத்தான். அவன் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தான்.

ஜில்லென்றிருந்தது.

பிறகு குழந்தையைச் சட்டைக்குள் மார்போடு போட்டுக்கொண்டு படுதாவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். படுதாவில் டூரிங் டாக்கீஸ் கரைந்து கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

தெரு முழுக்கப் போகி நெருப்பு. பழைய பாய், துடைப்பம், முறம், கிழிந்த கோணி என்று வீட்டுக்கு வீடு எரிந்துகொண்டிருந்தது. புகையும் பனியும் கலந்து முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. அன்று விடியலில் ஊரிலேயே நெருப்பில்லாத வீடு அவனுடையதுதான்.

“மச்சான், அந்தக் கோட்டக் கழட்டிக் கொண்டா, போட்டு எரிச்சுடலாம்!” என்று ஒரு நெருப்புக்குப் பக்கத்திலிருந்து கத்தினான் முருகையன். சுப்ராயனின் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த பாயைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தான்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முதல் பஸ் ஆறு மணிக்கு. ஆறும் ஆனது, ஆறரையும் ஆனது. ரோடு ஒரு ஆள் நீளத்துக்கு மேல் தெரியவில்லை. கலியபெருமாள் பாய்லரைத் தூண்டிவிட்டு பெஞ்சை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். பிறகு ஸ்வெட்டரைக் கழற்றினார். மாசி மகத்துக்கு முன்னால் அவர் அதைக் கழற்றி அன்றுதான் பார்த்தார்கள். உள்ளே சட்டைகூட இல்லை. நெஞ்செலும்பு தெரிய நின்றார்.

“நாறும்டா. கண்டுக்காத” என்றார்.

சுப்ராயன் குழந்தையை அதில் சுற்றினான். அதன் ஒரு கைக்குள்ளேயே மொத்தக் குழந்தையும் போய், இன்னும் இடம் மிச்சமிருந்தது. முருகையன் டீ கிளாஸில் வெந்நீர் வாங்கித் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தான். சுப்ராயன் கன்னத்தைக் குழந்தையின் வயிற்றிலிருந்து எடுக்கவில்லை. மூச்சு இருந்தது. ஒன்று வரும். அடுத்தது வருமா என்று மூன்று ஆண்களும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரும்.

“ஏம்பா, அழுவுதா?” என்றான் முருகையன்.

“இல்ல.”

“கிள்ளிப் பாரேன்.”

“எங்கடா கிள்றது?”

ஏழு மணிக்கு மேல் சூரியன் வந்தது. முதலில் சவுக்குத் தோப்பின் உச்சி தெரிந்தது, பிறகு ரோடு தெரிந்தது, பிறகு பெஞ்சின் மேல் வெயில் விழுந்தது. மரக்காணத்து வெயில், பச்சை ஸ்வெட்டரின் மேல் நன்றாகவே விழுந்தது. சுப்ராயன் குழந்தையை அதற்குக் காட்டிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். ஸ்வெட்டர் சூடேறியது. உள்ளே ஏறவில்லை.

பஸ் வந்து நின்றது. “பாண்டி, பாண்டி, ஏறு ஏறு” என்று கண்டக்டர் கத்தினார். “இன்னாய்யா, ஏறுறியா இல்லியா?”

முருகையன் போகச் சொல்லிக் கையாட்டினான்.

குழந்தையை எரிப்பது வழக்கமில்லை. மத்தியானம் சவுக்குத் தோப்புக்குக் கிழக்கே மணலில் முழங்கையளவு குழி வெட்டினார்கள். பாஞ்சாலையை வரவேண்டாம் என்று செல்லம்மாள் பிடித்து வைத்திருந்தாள். ஸ்வெட்டரை அவிழ்க்கப் போனபோது கலியபெருமாள், “இருக்கட்டும்டா” என்றார்.

குழியில் உப்புப் போடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்க்காரன் கடையில் கைப்பிடி வாங்கி வருவான். இங்கே முருகையன் அளத்துக் குவியலிலிருந்து மடி நிறைய அள்ளி வந்திருந்தான். நல்ல உப்பு, போன பருவத்தது, கண்ணாடிபோல மின்னியது. குழியருகே மண்டி போட்டு மடியை அவிழ்த்தான்.

“வேணாம்” என்றான் சுப்ராயன்.

“இன்னா மச்சான்?”

“உப்பு வேணாம். ஈரம் இழுக்கும். குளிரும்.”

 கடல் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. முருகையன் மெதுவாகச் சொன்னான்: “போடலன்னா நரி தோண்டிடும்டா.”

“நான் உக்காந்துக்கறேன்.”

“எத்தினி நாளைக்கு உக்காருவ?”

“பனி முடியிற வரைக்கும்.”

சொல்லிவிட்டு வெறும் மணலை இரண்டு கையாலும் தள்ளி மூடினான். வெயிலில் கிடந்த மணலாகப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கைப்பிடியையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தள்ளினான். மூடி முடித்ததும் பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தான். கலியபெருமாள் வெற்றுடம்போடு கடைக்குத் திரும்பினார். முருகையன் சிறிது நேரம் நின்று பார்த்தான். பிறகு மடியில் உப்போடு அவனும் உட்கார்ந்தான்.